ஏழாவது பாதிரியார்

பிரிட்வெல்
9 மே 1976

திரு. வின்ட்ரஸ் அவர்களுக்கு,

பதினோரு வருடமாக ‘செட்ரிக்’ என்று கூப்பிட்ட வாய்தான். இன்று காலை பேப்பரைப் பார்த்த பிறகு அந்தப் பெயர் வரமாட்டேன் என்கிறது.

முழுப் பக்கக் கட்டுரை. மேலே உங்கள் பெயர், அதை ஒட்டி உரசிக்கொண்டு ஃபிலிப்பா ஆர்க்ரைட் என்ற பெயர். நடுவில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அந்த அம்மாளின் படம். என் பெயரைத் தேடினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தேடினேன். அடியில் பொடி எழுத்தில், ‘சாண்ட்விச்சுகளுக்காகத் திருமதி மேவிஸ் ஹாக்கெட்டுக்கு நன்றி’ என்று இருந்தது.

சாண்ட்விச்சுகளுக்காக!

போன வருடம்வரை அந்த அம்மாளுக்கு அம்புரோஸ் டெல்ரைட் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்ததே தெரியாது. 1888இல் நம் துறைமுகத்தில் மூன்று பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றது யார் என்று தெரியாமல் ஊர் தவித்தபோது, டெல்ரைட் கடலில் பிணமாக மிதந்தான். உடனே அவன்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பத்து வருடம் கழித்து ஒரு பத்திரிகையில் பெயர் போடாமல் நாலு வரி வந்தது: ‘துறைமுகக் கொலைகாரன் சாவதற்கு முன் தன் உறவுக்காரப் பாதிரியார் ஒருவரிடம் தன் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தான்.’ அந்த நாலு வரியைக் கண்டுபிடித்தவர் நீங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டெல்ரைட்டின் சொந்தத்தில் ஏழு பாதிரியார்கள் உண்டு என்று கண்டுபிடித்தது நான். என் கம்பளி நூல் கடைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அந்த ஒரு நாளையும் உங்கள் மோரிஸ் காரில் கொட்டி, சர்ச் சர்ச்சாக அலைந்து, ஒருவர் அதற்கு முன்பே செத்தவர், ஒருவர் கனடாவில், ஒருவருக்கும் டெல்ரைட்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது என்று ஆறு பேரைக் கழித்தோமே. ஏழாவதாக மிஞ்சியவர் டெல்ரைட்டின் அக்கா கணவர் செப்டிமஸ் கிரேல். ‘அவர்தான் மேவிஸ், நாம பிடிச்சுட்டோம்’ என்று ஸ்டியரிங்கைத் தட்டினீர்கள். அந்த ‘நாம’ இப்போது யார்?

நீங்கள் லண்டனில் அந்த அம்மாள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அறை எடுத்திருப்பதாகப் போஸ்ட் ஆபீஸில் சொன்னார்கள். சௌகரியமாக இருங்கள். போனில் கூப்பிட வேண்டாம், வைத்துவிடுவேன்.

மேவிஸ் ஹாக்கெட்

பின்குறிப்பு: போன மாதம் உங்கள் வீட்டிலிருந்து கோபித்துக்கொண்டு கிளம்பியபோது ஃபிளாஸ்கின் பச்சைக் கோப்பையை எடுத்து வந்துவிட்டேன். அது பதினோரு வருடமாக நான் குடித்த கோப்பை. அந்த அம்மாளுக்கு வேறு வாங்கிக் கொடுங்கள்.


பிளூம்ஸ்பரி, லண்டன்
14 மே 1976

அன்புள்ள மேவிஸ்,

நன்றி சொல்லும் வரியை நான் வேறு மாதிரி எழுதியிருந்தேன். நீளமாக இருக்கிறதென்று பத்திரிகைக்காரர்கள் வெட்டிவிட்டார்கள். வெட்டும்போது ‘பதினோரு வருட உழைப்பு’ போய் ‘சாண்ட்விச்’ மட்டும் நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஃபிலிப்பாவைப் பற்றி நீங்கள் நினைப்பது சரியில்லை. அவர் எழுத்தாளர், வேகமாக வேலை செய்கிறவர். பதிப்பாளர்களை அவருக்குத் தெரியும். முப்பது வருடம் பையன்களுக்குப் பூகோளம் நடத்திய என்னிடம் ஒருவர் வந்து ‘இது புத்தகமா வரணும்’ என்று சொன்னால், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் வாங்கவில்லை. அப்புறம் எல்லாம் அதன் போக்கில் ஓட ஆரம்பித்துவிட்டது. அவர் டீ குடிப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடை எப்படி நடக்கிறது? போஸ்ட் ஆபீஸ் எனக்கும் செய்தி சொல்கிறது. ஆர்கன் வாசிக்கும் ஹெட்லி ஸ்ட்ரட்டின் வேன் செவ்வாய்க்கிழமைகளில் உங்கள் கடை வாசலில் நிற்கிறதாமே. அந்த வேனில் முன்பு மீன் ஏற்றினார்கள். உங்களுக்கு மீன் வாடை ஒத்துக்கொள்ளாது என்பது அவருக்குத் தெரியுமா?

என்றும் உங்கள்,
செட்ரிக்


பிரிட்வெல்
2 ஜூன் 1976

செட்ரிக்,

(‘அன்புள்ள’ போட இன்னும் மனம் வரவில்லை.)

ஹெட்லி வேனைக் கழுவி எலுமிச்சை வாசம் வரும்படி வைத்திருக்கிறார். கதவைத் திறந்து விடுகிறார். போகும் வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிறார். நீங்கள் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு ‘ம்’ கொட்டுவதைப் பதினோரு வருடம் கேட்ட காதுக்கு இது புதிதாக இருக்கிறது.

சரி, அது இருக்கட்டும். கட்டுரையை நான் மறுபடி படித்தேன்; உங்களுக்காக அல்ல, தப்பு கண்டுபிடிக்கத்தான். ‘கிரேல் பாதிரியாராக இருந்த ஆஷ்கோம்ப் தேவாலயத்துக்குள் கால் வைத்த முதல் ஆராய்ச்சியாளர் நான்தான்’ என்று எழுதியிருக்கிறாள் உங்கள் ஃபிலிப்பா. ரயிலில் போய், டாக்சி பிடித்து, தனியாகவே பார்த்துவிட்டு வந்தாளாம். எனக்கு வயிறு எரிந்தது. ஆஷ்கோம்ப் நம்முடையது. எட்டு வருடத்துக்கு முன் அக்டோபரில் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? கொட்டுகிற மழை. என்னைக் காரிலேயே உட்காரச் சொல்லிவிட்டு நீங்கள் மட்டும் குடையோடு ஓடினீர்கள். ரொம்ப நேரம் கழித்துத் தொப்பலாக வந்து, ‘பூட்டியிருக்கு மேவிஸ். சாவிக்காரர் போர்ன்மத் போயிருக்காராம்’ என்றீர்கள். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்த காருக்குள் முட்டை சாண்ட்விச் தின்றுகொண்டு, என் கணவர் எர்னஸ்ட் எப்படிச் செத்துப்போனார் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒருவரிடம் சொன்னேன். நீங்கள் டீயை ஊற்றி நீட்டினீர்கள். அந்தப் பூட்டிய கதவை நான் எத்தனை முறை நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன் தெரியுமா? அப்புறம் ‘மறுபடி போகலாமா’ என்று நான் கேட்கும்போதெல்லாம் பாலம் உடைந்திருக்கிறது, கூரை வேலை நடக்கிறது என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்தது. கடைசியில் உள்ளே போனது அவள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் மிஸ் ஆனர் டெல்ரைட் கடைக்கு வந்தார். அம்புரோஸின் தம்பி மகள். எண்பது தாண்டிவிட்டது, கைத்தடியோடு அடுத்த ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார். கையில் அந்தப் பேப்பர்.

“நீங்கதான சாண்ட்விச் அம்மா?” என்றார்.

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

“எங்கப்பா கடைசிவரைக்கும் பேர மாத்திக்கல. மாத்துனா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு சொல்வார். என்னைப் பொண்ணு பாக்க வந்தவன் பேரக் கேட்டதும் தொப்பிய எடுத்துக்கிட்டுப் போயிட்டான். போகட்டும், அதெல்லாம் பழசு. நான் கண்ண மூடுறவரைக்காவது விட்டிருக்கக் கூடாதா? உங்களுக்கு வேற பொழுதுபோக்கே கெடைக்கலியாம்மா?”

‘பாதிரியார் பொய் சொல்வாரா’ என்று முணுமுணுத்தேன். அவர் சாம்பல் நிற நூல் இரண்டு உருண்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். 

மேவிஸ்


பிளூம்ஸ்பரி
11 ஜூன் 1976

அன்புள்ள மேவிஸ்,

மிஸ் டெல்ரைட் வந்ததைப் பற்றிப் படித்துவிட்டு வெகுநேரம் நடந்துவிட்டு வந்தேன். 

செப்டம்பர் 21ஆம் தேதி இங்கே குற்ற வரலாற்றுச் சங்கத்தில் எங்கள் உரை. ஃபிலிப்பா படங்கள் காட்டுவார், நான் பேசுவேன். மறுநாளே புத்தக ஒப்பந்தத்தில் கையெழுத்து. சங்கத்தார் செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது வெறும் கிழமை.

ஆஷ்கோம்பைப் பற்றி ஒன்று. நீங்கள் இப்போது ஆள் கிடைத்த வேகத்தில் அங்கே கிளம்பிவிடாதீர்கள். சாலை மோசம், வெயிலும் ஏறிக்கொண்டிருக்கிறது. அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்று ஃபிலிப்பாவே சொல்கிறார். சில இடங்களைக் காருக்குள்ளிருந்து பார்த்ததோடு விட்டுவிடுவது நல்லது.

ஹெட்லி கதவைத் திறந்து விடுவது எனக்குத் தெரியும். ஊரில் எல்லாப் பெண்களுக்கும் திறந்து விடுவார்.

செட்ரிக்


பிரிட்வெல்
1 ஜூலை 1976

செட்ரிக்,

போகாதே என்றால் போகாமல் இருக்கிற ஆளா நான்?

போன செவ்வாய் ஹெட்லியோடு ஆஷ்கோம்ப் போனேன். என்ன வெயில்! புல் எல்லாம் பிஸ்கட் நிறத்தில் கிடக்கிறது. இந்த வெயிலில் கம்பளி நூல் வாங்க எவரும் வரப்போவதில்லை, கடையைப் பற்றிக் கவலை இல்லாமல் கிளம்பினேன். சாலை வெண்ணெய் மாதிரி இருந்தது. கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே போய்ப் பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் நிமிர்ந்து பார்த்தால், சுவரில் செப்டிமஸ் கிரேல். ஆள் உயரத்துக்குக் கல் சிலை. சபையார் காசு போட்டு வைத்தது.

பார்த்ததும் கல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் போட்டிருப்பது கருப்பு அங்கி, செட்ரிக்! தொளதொளக் கையும், கழுத்தில் இரண்டு பட்டையும். கல்லில் நிறம் எங்கே தெரியும் என்பீர்கள். கீழே எழுதியும் வைத்திருக்கிறார்கள்: ‘தம் இறுதி ஞாயிறுவரை கருப்பு அங்கியிலேயே பிரசங்கித்தவர்.’

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் விளக்குவேன், அத்தனை ஆசையாக இருக்கிறது. அந்தக் காலத்தில் மற்ற பாதிரிமாரெல்லாம் பிரசங்கத்துக்கும் வெள்ளை அங்கிக்கு மாறிவிட்ட பிறகு, பிடிவாதமாகக் கருப்பில் நின்றவர்கள் யார்? மெழுகுவத்தி ஏற்றினாலே ரோமாபுரிக் கத்தோலிக்கம் வந்துவிட்டது என்று கத்துகிறவர்கள். பாவசங்கீர்த்தனம் என்ற சொல்லைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்கிறவர்கள். ‘கருப்பு அங்கிக்காரர் கிட்ட ஒருத்தன் பாவத்தச் சொல்லப் போனா, பாவத்துக்கு முன்னாடி அவனைத்தான் வெளிய தள்ளுவார்’ என்று மூன்றாவது பாதிரியாரைக் கழித்தபோது நீங்களேதான் சொன்னீர்கள்.

ஆக, கிரேல் எவருடைய பாவசங்கீர்த்தனத்தையும் கேட்டிருக்க மாட்டார். ஏழாவதும் போயிற்று. ஏழும் போனால் அந்த நாலு வரி டெல்ரைட்டைப் பற்றியதே இல்லை. அவன் மேல் இருந்த ஒரே சாட்சி அதுதான். உங்கள் ஃபிலிப்பா அந்தச் சிலைக்கு முன்னால் நின்று, ஏதோ பட்டமளிப்பு அங்கி என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்! கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் சர்ச்சுக்குப் போகிறவளைக் கூட்டாளியாக வைத்துக்கொண்டால் இப்படித்தான். என்னைக் கூட்டிப் போயிருந்தால் வாசலிலிருந்தே சொல்லியிருப்பேன்.

நான் வாயை மூடிக்கொண்டு செப்டம்பர்வரை காத்திருக்கலாம். மேடையில் எவராவது எழுந்து கேட்கும்போது அவள் முகம் போகிற போக்கை முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். அந்த ஆசையை அடக்கிக்கொண்டு உங்களுக்கு எழுதுகிறேன். அவளிடம் சொல்லிவிடுங்கள்.

மேவிஸ்


பிளூம்ஸ்பரி
8 ஜூலை 1976

அன்புள்ள மேவிஸ்,

அவசரப்பட வேண்டாம். உங்கள் கண் கூர்மையானதுதான். ஆனால் மூக்கு நுனி உடைந்துபோன ஒரு கல் சிலையை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய முடிவுக்கு வர முடியுமா? கருப்பு அங்கி போட்டவர்களிலும் மனம் இளகியவர்கள் இருந்திருக்கலாம். மனைவியின் தம்பி வந்து அழுதால் எந்த மனிதனும் கேட்கத்தானே செய்வான்? அதைப் பத்திரிகைக்காரன் பாவசங்கீர்த்தனம் என்று எழுதியிருக்கலாம். ஃபிலிப்பாவிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லவில்லை. நீங்களும் எவரிடமும் சொல்ல வேண்டாம்.

அந்தத் தேவாலயத்துக்குள் நீங்கள் முதன்முதலாக ஹெட்லி ஸ்ட்ரட்டோடு போனீர்கள் என்பதைப் படித்தபோது எனக்கு என்னவோ போல் இருந்தது. அவர் உள்ளே வந்தாரா, வெளியே நின்றாரா? இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

செட்ரிக்


பிரிட்வெல்
28 ஜூலை 1976

செட்ரிக்,

‘இருந்திருக்கலாம்’, ‘எழுதியிருக்கலாம்’. ஒரே கடிதத்தில் இத்தனை ‘லாம்’ போடுகிற மனிதர் இல்லை நீங்கள். நான் ஒரு ‘லாம்’ போட்டால் சிவப்பு மை எடுத்துச் சுழிக்கிறவர். அப்போதே எனக்கு உறுத்தியது.

அப்புறம் அந்த மூக்கு.

நான் பார்த்த சிலையில் மூக்கு முழுசாக இருந்தது. நான்தான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று நேற்று மறுபடி போனேன். ஹெட்லியைக் கூப்பிடவில்லை, இரண்டு பஸ் மாறி, தனியாக. (அன்றைக்கு அவர் உள்ளே வரவில்லை. ஓக் மரத்து நிழலில் தூங்கினார். இப்போது நிம்மதியா?) மூக்கு இருக்கிறது, செட்ரிக், கிளி மூக்கு மாதிரி. பித்தளை துடைத்துக்கொண்டிருந்த மிஸஸ் பூட் என்ற அம்மாளிடம் கேட்டேன்.

“ஆமாம்மா, நுனி முன்னால உடைஞ்சுதான் கெடந்துச்சு. பாக்கச் சகிக்கல. நாலு வருஷம் முந்தி கல் வேலைக்காரரக் கூட்டியாந்து ஒட்ட வெச்சோம். இப்பத்தான் மனுசன் மாதிரி இருக்கார்.”

போன குளிர்காலத்தில் போன ஃபிலிப்பா உடைந்த மூக்கைப் பார்த்திருக்க முடியாது. அவள் எடுத்த படத்திலும் இருக்காது.  அப்புறம், கேட்கக் கூடாது என்று மனம் சொல்லியும் கேட்டேன்: எட்டு வருடம் முன்னால், மழைக்காலத்தில், சாவிக்காரர் போர்ன்மத் போயிருந்தபோது நாங்கள் வந்து திரும்பிப் போனோம் என்று.

அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார்.

“சாவியா? அது எங்க தாத்தா காலத்துலயே கிணத்துல விழுந்துருச்சு. இந்தக் கதவ ஒரு நாளும் பூட்டுனது இல்லியேம்மா. யாரோ உங்க காதுல நல்லாப் பூ சுத்தியிருக்காங்க.”

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு அழுதேன். நீங்கள் உள்ளே போயிருக்கிறீர்கள். சிலையைப் பார்த்திருக்கிறீர்கள். கருப்பு அங்கியைப் பார்த்த நிமிடமே உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெளியே வந்து என் முகத்தைப் பார்த்துப் பூட்டியிருக்கிறது என்று சொன்னீர்கள்.

ஏன்?

மேவிஸ்


பிளூம்ஸ்பரி
18 ஆகஸ்ட் 1976

அன்புள்ள மேவிஸ்,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஆமாம். உள்ளே போனேன். பார்த்தேன்.

ஆறு பாதிரியார்களைக் கழித்தாயிற்று. ஏழாவதும் போய்விட்டால் அடுத்த செவ்வாய் உங்கள் கடை வாசலில் வந்து நின்று ஹார்ன் அடிக்க எனக்கு என்ன காரணம் இருக்கும்? அந்தச் சிலைக்கு முன்னால் நின்று அதைத்தான் யோசித்தேன். மழையும் விடவில்லை. காரில் நீங்கள் சாண்ட்விச்சைப் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தீர்கள். வாயில் வந்ததைச் சொன்னேன். அதற்கு அடுத்த பத்து நிமிடத்தில் நீங்கள் எர்னஸ்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தீர்கள். அதற்குப் பிறகு எப்படி உண்மையைச் சொல்வது?

நமக்குள்ளேயே இருந்திருந்தால் எவருக்கும் தெரிந்திருக்காது. ஃபிலிப்பா வந்து கிளப்பிவிட்டார். அவர் தனியாக ஆஷ்கோம்ப் போன அன்று எனக்குத் தூக்கமில்லை. திரும்பி வந்து ‘அழகான கவுன் போட்ட பெரியவர்’ என்று சொன்னபோது எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. இனி எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களே சொல்லுங்கள்.

செட்ரிக்


பிரிட்வெல்
24 ஆகஸ்ட் 1976

செட்ரிக்,

இந்தக் கடிதத்தை வேறு ஒரு பெண்ணுக்கு நீங்கள் எழுதி நான் படித்திருந்தால் பொறாமையில் வெந்திருப்பேன். எனக்கே எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷப்படவிடாமலும் செய்துவிட்டீர்கள்.

ஹார்ன் அடிக்கக் காரணம் வேண்டுமா? ‘மேவிஸ், இன்னிக்கு எங்கயும் போக வேண்டியதில்ல, சும்மா வந்தேன்’ என்று சொல்லியிருக்கலாமே. ஐம்பது வயதுப் பொம்பளை வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்? அதற்கு ஒரு நிமிடத் தைரியம் போதும். அது இல்லாமல், செத்துப்போன ஒரு மனிதனை எட்டு வருடம் கொலைகாரனாகவே நிறுத்தி வைத்தீர்கள். அவனைச் சுற்றி வந்து நாம் முட்டை சாண்ட்விச் தின்றோம். ஆனர் டெல்ரைட்டைப் பார்த்து ‘பாதிரியார் பொய் சொல்வாரா’ என்று கேட்டேனே நான்! பாதிரியார் ஒன்றுமே சொல்லவில்லை. பொய் சொன்னது என் பக்கத்தில் உட்கார்ந்து கார் ஓட்டியவர்.

எப்படி நிறுத்துவது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் எவருக்கும் எழுதப்போவதில்லை, பேப்பருக்கும் சொல்லப்போவதில்லை. செய்தால் அது உங்கள் ஃபிலிப்பா மேல் உள்ள காய்ச்சலில் செய்ததாகத்தான் இருக்கும். பாதி உண்மையும் அதுதான். வாய் உங்களுடையது. மேடையும் உங்களுடையது.

நல்ல பதிப்பாளர், படித்த கூட்டாளி, பெயர் அச்சான புத்தகம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பஸ் பிடித்து வந்து நூல் வாங்கிக்கொண்டு போன ஒரு கிழவி. என்னை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். எனக்காகச் செய்தால் அதுவும் எனக்கு வேண்டாம்.

மேவிஸ்


பிளூம்ஸ்பரி
22 செப்டம்பர் 1976

அன்புள்ள மேவிஸ்,

நேற்று நல்ல மழை. அப்படியும் கூடம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் உங்கள் தொப்பியைத் தேடினேன், வராதது சரிதான்.

ஃபிலிப்பா சிலையின் படத்தைத் திரையில் போட்டார். நான் எழுதி வைத்திருந்ததை மடித்துப் பையில் வைத்துவிட்டு, அந்த அங்கி என்ன அங்கி என்று சொன்னேன். கிரேல் எழுதியது ஏதாவது உண்டா என்று கடைசி ஒரு மாதத்தில்தான் தேடினேன். தேடிய முதல் நாளே கிடைத்தது. கிரேல் 1884இல் பாவசங்கீர்த்தனத்துக்கு எதிராக ஒரு பிரசங்கமே அச்சடித்திருக்கிறார். காதுக்குள் பாவம் கேட்கும் பாதிரி வீடு புகும் திருடனுக்குச் சமம் என்கிறார். அதையும் படித்தேன். பிறகு, டெல்ரைட் மேல் ஒரு சாட்சியும் இல்லை என்றும், அவர் கொலை செய்தார் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை என்றும் சொன்னேன். எட்டு வருடமாக எனக்கு இது தெரியும் என்பதையும் சொன்னேன். பின்வரிசையில் ஒருவர் ‘வெட்கக்கேடு’ என்று கத்தினார். உட்கார்ந்துவிட்டேன்.

ஃபிலிப்பா படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“இத ஒரு மாசம் முன்னாடி எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? எல்லார் முன்னாடியும் என்னை முட்டாளாக்கிட்டீங்களே!”

அவர் சொன்னது நியாயம்தான். மன்னிப்புக் கேட்டேன். “யாரு கண்டுபிடிச்சது? நீங்களா?” என்றார். திருமதி ஹாக்கெட் என்றேன்.

“யாரு, அந்த சாண்ட்விச் அம்மாவா?”

அவரேதான் என்றேன். அந்தக் கணத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் மழையில் இறங்கிப் போய்விட்டார். ஒப்பந்தம் இல்லை, புத்தகம் இல்லை. சங்கத்திலிருந்தும் விலகச் சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை அறையைக் காலி செய்கிறேன். ஊர் திரும்புகிறேன். செவ்வாய்க்கிழமைகளில் ஹெட்லியின் வேன் நிற்குமானால் அந்தப் பக்கம் வராமல் சுற்றிப் போகிறேன். நிற்காது என்றால் ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள்,
செட்ரிக்


பிரிட்வெல்
25 செப்டம்பர் 1976

அன்புள்ள செட்ரிக்,

‘அன்புள்ள’ போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஃபிலிப்பா. மழையில் போனாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் குடை கொடுத்தீர்களா, இல்லையா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால் சொல்ல வேண்டாம். பாவம், அவளுக்கும் அநியாயம்தான் நடந்தது. இதை நான் இன்னொரு முறை சொல்ல மாட்டேன்.

ஹெட்லியிடம் செவ்வாய்க்கிழமை சௌகரியப்படாது என்று சொல்லிவிட்டேன். “வாத்தியார் வராரா?” என்று கேட்டுவிட்டு, ஒரு தினுசாகப் பார்த்துக்கொண்டு போனார். வேன் இனி பேக்கரிக்கார அம்மாள் வாசலில் நிற்கும். நீங்கள் சொன்னது சரிதான், எல்லாருக்கும் திறந்து விடுவார் போலிருக்கிறது.

நேற்று மிஸ் டெல்ரைட் வீட்டுக்குப் போனேன். நீங்கள் மேடையில் சொன்னதை அப்படியே சொன்னேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சாம்பல் நூலில் பாதி பின்னிய ஸ்வெட்டர் மடியில் கிடந்தது. ஊசி மட்டும் நின்றுவிட்டது.

“எட்டு வருஷமாத் தெரியுமாமா?”

“ஆமாம்.”

“எங்க அண்ணன் இருந்தான். ரெண்டு வருஷம் முன்னாடிதான் போனான். அவன் காதுல விழுந்திருக்கும்.”

 எழுந்து கிளம்பினேன். அப்போது சொன்னார்:

“லண்டன்ல நூறு பேர் கிட்ட சொன்னாராக்கும். எங்கிட்ட யாரு சொல்றது? உங்ககிட்ட சொல்லி அனுப்பிச்சா ஆச்சா? அந்த மனுசன வரச் சொல்லுங்க. என் வாசல்ல நின்னு, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்.”

ஆகவே வரும் செவ்வாய். கடை வாசலில் வந்து ஹார்ன் அடியுங்கள், காரணம் இருக்கிறது. ஃபிளாஸ்கை நிரப்பிக் கொண்டு வாருங்கள், பச்சைக் கோப்பை என் கைப்பையில் இருக்கும். சாண்ட்விச் செய்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அவர் வீடு தெருவின் கடைசியில், சிவப்புக் கதவு. நீங்கள் மட்டும் இறங்கிப் போங்கள். நான் காரிலேயே உட்கார்ந்திருக்கிறேன், எத்தனை நேரம் ஆனாலும்.

இந்த முறை வந்து கதவு பூட்டியிருக்கிறது என்று சொல்லாதீர்கள்.

மேவிஸ்